பழைய பெட்ரோல் கோல்ஃப் கார்ட் வைத்திருப்பவர்களே, உஷார்: 685 டாலர் போச்சு

685 டாலர். முழுசாகப் போய்விட்டது. கோபம் ஆறுவதற்குள் எழுதிவிடுகிறேன். இந்தப் பக்கம் நம் ஆட்கள் நிறையப் பேர் பழைய பெட்ரோல் கார்ட் வாங்குகிறார்கள். பழுது பார்க்க வந்து என்னை ஏமாற்றிய மெக்கானிக் இன்னமும் வீடு வீடாகப் போய் வேலை பார்த்துக்கொண்டுதான் இருக்கிறார். வண்டியை நீங்களே எப்படிச் சோதிப்பது என்பதையும் கடைசியில் சொல்கிறேன்.

நாங்கள் இருப்பது ஜார்ஜியாவில், பீச்ட்ரீ சிட்டி. இங்கே கார்ட் போவதற்கென்றே நூறு மைலுக்கு மேல் பாதை இருக்கிறது. கடை, நூலகம், ஏரிக்கரை எல்லாவற்றுக்கும் கார்ட்டிலேயே போகலாம். முட்டி வலியோடு ஊரிலிருந்து வந்திருக்கும் அம்மாவுக்கு வெளியே போக எங்கள் கார்ட்டை விட்டால் வேறு வழி இல்லை. 1999 மாடல் க்ளப் கார் டிஎஸ், கவாசாகி இன்ஜின். பழசுதான், ஆனால் இதே மாநிலத்தில் அகஸ்டா பக்கம் தயாராகும் வண்டி என்பதால் உதிரிபாகத்துக்குப் பஞ்சம் இல்லை.

ஆக்சிலேட்டரை மிதித்ததும் கிளம்பும். பத்து நிமிடம் நன்றாக ஓடும். அப்புறம் ஏதாவது ஒரு மேட்டில் இழுவை குறைந்து, விக்கி விக்கி நின்றுவிடும். கொஞ்ச நேரம் சும்மா விட்டால் மறுபடியும் கிளம்பும். பெட்ரோல் சரியாக வரவில்லை என்பது எனக்கே தெரிந்தது. வீட்டுக்கு வந்து பழுது பார்ப்பவர்களைப் பிடித்துக் கொடுக்கும் ஒரு ஆப்பில், இன்ஜினைப் போட்டோ எடுத்துப் போட்டு ஆள் கேட்டேன்.

வந்தவர் பேச்சில் ஒரு குறையும் சொல்ல முடியாது. அம்மா கொடுத்த மோரை வாங்கிக் குடித்தார். முட்டி எப்படி இருக்கிறது என்று அம்மாவிடம் விசாரித்தார். பெட்ரோலையும் காற்றையும் கலந்து இன்ஜினுக்குக் கொடுக்கும் கார்புரேட்டரின் அடிக்கிண்ணத்தைக் கழற்றி, டார்ச் அடித்து, உள்ளே பச்சையாகப் படிந்திருந்த கசடைக் காட்டினார். "இங்கே விற்கும் பெட்ரோலில் பத்து சதவீதம் எத்தனால். அது ஈரத்தை இழுக்கும். வண்டி சும்மா நின்றால் பெட்ரோல் போகும் பொடித் துளை, அதுதான் ஜெட், அடைத்துக்கொள்ளும்" என்றார். அது உண்மையும்கூட. பொய்யை மட்டும் சொல்லியிருந்தால் பிடித்திருப்பேன். நான் முன்பணம் தர வந்தபோது கையை நீட்டித் தடுத்தார். "முதலில் வண்டி ஓடட்டும், நீங்கள் பாருங்கள், அப்புறம் கொடுங்கள்." இப்படிச் சொல்கிற ஆளை யார் சந்தேகப்படுவார்கள்?

வேலை முடிந்ததும் தெருவை ஒரு சுற்றுச் சுற்றி வந்து காட்டினார். ஜோராக ஓடியது. ஓடாமல் என்ன? முதல் பத்து நிமிடம்தான் எப்போதுமே ஓடுமே! வண்டி எப்போது நிற்கும் என்று ஆப்பிலேயே எழுதியிருந்தேன். அதைப் படித்துவிட்டுத்தான் ஒரு சுற்றோடு நிறுத்தினார். புது கார்புரேட்டர் 310, புது பம்ப் 95, கூலி 280. மொத்தம் 685 டாலர். போனிலேயே அனுப்பச் சொன்னார், அனுப்பினேன்.

அன்று சாயங்காலமே அம்மாவோடு ஏரிக்கரை மேட்டில் நின்றுவிட்டது. அம்மா அந்த முட்டியோடு வீடு வரை நடந்தார்.

அழைத்தால், நான் ஊற்றிய பெட்ரோல் சரியில்லை என்றார். புதுப் பெட்ரோல் ஊற்றிவிட்டு அழைத்தால், பழைய வண்டி அப்படித்தான் இருக்கும் என்றார். கழற்றிய பழைய பாகங்களைக் கேட்டால், அப்போதே தூக்கிப் போட்டாயிற்றாம். அடுத்து, "உங்கள் வீட்டுக்காரரைப் பேசச் சொல்லுங்கள், அவருக்குப் புரியும்" என்றார். வண்டி என் பெயரில், பணம் என் கணக்கிலிருந்து, வீட்டுக்காரர் எதற்கு? அதற்குப் பிறகு போனை எடுக்கவே இல்லை. ஆப்காரர்கள், நாங்கள் அறிமுகம் மட்டும்தான் செய்கிறோம் என்று ஒரே பதிலைத் திரும்பத் திரும்ப அனுப்பினார்கள். வங்கியோ, நீங்களாக அனுப்பிய பணம்தானே என்று முடித்துவிட்டது.

பக்கத்து வீட்டில், கோல்ஃப் கிளப் ஒன்றில் வண்டிகளைப் பராமரித்து ஓய்வு பெற்ற பெரியவர் இருக்கிறார். வண்டி நின்றதும் டேங்க் மூடியைத் திருகச் சொன்னார். உஸ்ஸென்று காற்று உள்ளே போனது. வண்டி உடனே கிளம்பியது. மூடியில் காற்று நுழையும் துளை மண் அடைத்துக் கிடந்திருக்கிறது. பெட்ரோல் குறையக் குறையக் காற்று உள்ளே போனால்தான் பம்ப் இழுக்க முடியும். இந்த வண்டியின் பம்ப் கரண்டில் ஓடுவது இல்லை, இன்ஜினிலிருந்து வரும் அழுத்தத் துடிப்பில் வேலை செய்வது. டேங்குக்குள் வெற்றிடம் உண்டானால் அது தோற்றுப்போகும். ஒரு மூடிக்கு 685 டாலர்!

இன்னொன்று கேளுங்கள். கார்புரேட்டரும் புதுசு இல்லை. ஆப்பில் நான் போட்ட போட்டோவைப் பெரிதாக்கிப் பார்த்தேன். அதில் இருக்கும் அதே கீறல், தலை தேய்ந்த அதே ஸ்க்ரூ இப்போதும் இருக்கிறது. மேலே ஸ்பிரே அடித்துத் துடைத்து, 310 டாலர் வாங்கியிருக்கிறார். பம்ப்பும் பழசுதான். அந்தப் போட்டோ ஆப்காரர்களிடமே இருக்கிறது, ஆனாலும் பார்க்க மாட்டேன் என்கிறார்கள்.

சோதிப்பது பற்றி விரிவாக எழுத நினைத்தேன், கை நடுங்குகிறது. சுருக்கமாக: வண்டி நின்றதும் முதலில் டேங்க் மூடியைத் தளர்த்திப் பாருங்கள். இன்ஜினுக்குப் போகும் காற்றைக் குறைக்கும் சோக்கைப் பாதி இழுத்தால் நன்றாக ஓடுகிறது என்றால் பெட்ரோல் போதவில்லை. ஃபில்டரை மாற்றுங்கள், பம்ப்புக்குப் போகும் ரப்பர் ஹோஸில் வெடிப்பு இருக்கிறதா என்று பாருங்கள். அரை மணி நேரம் மேட்டில் ஓட்டாமல் காசு தராதீர்கள். பழைய பாகம் கைக்கு வர வேண்டும். போனில் பணம் அனுப்பாதீர்கள், கிரெடிட் கார்டில் கொடுங்கள்.

ஜார்ஜியாவில் 15,000 டாலர் வரை மாஜிஸ்ட்ரேட் கோர்ட்டில் வக்கீல் இல்லாமலே வழக்குப் போடலாம். 685 டாலருக்கு மனு எழுதிக்கொண்டிருக்கிறேன். இதே மாதிரி மாட்டியவர்கள் யாராவது இருந்தால் பில்லையும் போட்டோவையும் எடுத்து வைத்துக்கொண்டு எனக்குத் தகவல் அனுப்புங்கள்.