நீண்ட ஃபோல்டர் பெயர்கள்: பாதையைச் சுருக்குவதா, வரம்பைத் தளர்த்துவதா?

விண்டோஸில் பழைய கணக்குப்படி ஒரு ஃபைலின் முழுப் பாதை, அதாவது டிரைவ், ஃபோல்டர்கள், ஃபைல் பெயர் எல்லாம் சேர்ந்த முகவரி, 260 எழுத்துக்குள் அடங்க வேண்டும். சி டிரைவும் பாதை முடிந்ததைக் காட்டக் கடைசியில் வரும் வெற்றுக் குறியும் (null) இதில் சேர்த்தி. ஃபோல்டருக்கு இன்னும் குறைவு, 248தான். மென்பொருளைக் கணினியில் நிறுவித்தரும் இன்ஸ்டாலரை எழுதுபவருக்கு இரண்டு வழிகள்.

முதல் வழி, பாதையைச் சுருக்குவது. 'சி டிரைவ், புரோகிராம் ஃபைல்ஸ்' என்பதற்குக் கடைசிச் சாய்கோட்டையும் சேர்த்து 17 எழுத்துகள் போதும். அதுவே பயனரின் சொந்த ஆப்டேட்டா ஃபோல்டருக்குள் இருக்கும் புரோகிராம்ஸ் ஃபோல்டர் என்றால், 12 எழுத்துப் பயனர் பெயருக்கே 45 ஆகிவிடும். அப்புறம் நிறுவனத்தின் பெயர், மென்பொருளின் பெயர், பதிப்பு எண் என்று அடுக்கினால் உள்ளே இருக்கும் ஃபைல்களுக்கு இடம் ஏது?

இரண்டாவது, வரம்பைத் தளர்த்துவது. விண்டோஸ் 10இன் 1607 பதிப்பிலிருந்து சுமார் 32,767 எழுத்துகள் வரை போகலாம். ஆனால் விண்டோஸ் தன் அமைப்புகளைச் சேமிக்கும் ரெஜிஸ்ட்ரியில் அனுமதி இருக்க வேண்டும், மென்பொருள் தன்னைப் பற்றி விண்டோஸுக்குச் சொல்லும் மேனிஃபெஸ்ட்டிலும் அதைச் சொல்லியிருக்க வேண்டும். இரண்டில் ஒன்று இல்லாவிட்டாலும் பலிக்காது. ரெஜிஸ்ட்ரியை மாற்ற அட்மின் உரிமையும் தேவை. பைதான் நிரல்மொழியின் இன்ஸ்டாலர் கடைசித் திரையில் இதற்கென்றே ஒரு பட்டன் வைத்துப் பயனரின் சம்மதத்தைக் கேட்கிறது, நல்ல பழக்கம்.

என் ஓட்டு முதல் வழிக்கே. நம் மென்பொருள் நீண்ட பாதையைத் தாங்கினாலும், அதே ஃபைலைத் தொடும் பழைய பேக்கப் கருவி தாங்கும் என்று சொல்ல முடியாது. பயனர் ஃபோல்டரைத் தேர்ந்தெடுத்ததுமே, உள்ளே போகும் மிக நீளமான ஃபைலின் பாதையையும் கூட்டிப் பார்த்து, மீறினால் அங்கேயே சொல்லிவிடுங்கள். பாதி காப்பியான பிறகு நிற்பதுதான் கொடுமை.