எஸ்டபிள்யூஆர் 1.3 காட்டியது, கூப்பிட்டால் யாரும் கேட்கவில்லை

ஹாம் ரேடியோவில் (பொழுதுபோக்கு வானொலியில்) 80, 160 மீட்டர் பேண்டுகளுக்கு, அதாவது அந்த அலைநீளங்களைச் சுற்றிய அலைவரிசைகளுக்கு, குட்டி ஆன்டெனா வாங்கும் எண்ணம் இருந்தால் இதைப் படித்துவிட்டு முடிவு செய்யுங்கள். போன பணத்தை விடுங்கள், ஒரு முழுக் குளிர்காலம் போய்விட்டது. லோ பேண்டு, அதாவது இந்தத் தாழ்ந்த அலைவரிசைகளில் பேசும் ஆட்களுக்குக் குளிர்காலத்தின் அருமை தெரியும். இரவு நீளம், மின்னல் இரைச்சல் குறைவு. அந்தச் சில மாதங்கள்தான் எங்களுக்கு அறுவடை.

இடப் பிரச்சினை புதிதல்ல. 3.6 மெகாஹெர்ட்ஸுக்கு அரை அலை டைபோல் கட்ட ஏறத்தாழ 40 மீட்டர் கம்பி வேண்டும். 160 மீட்டரில் கால் அலை செங்குத்து ஆன்டெனாவே 40 மீட்டர் உயரம் வந்துவிடும். எனக்கு அதில் பாதிக்குக்கூட இடமில்லை. அப்படி ஏங்கிக்கொண்டிருந்தபோது அந்த விளம்பரம் கண்ணில் பட்டது: உயரம் 7 மீட்டர், ரேடியல் (தரையில் விரிக்கும் கம்பிகள்) வேண்டாம், ட்யூனர் (ஆன்டெனாவை ரேடியோவோடு பொருத்தும் கருவி) வேண்டாம், 160 முதல் 10 மீட்டர் வரை எங்கே திருப்பினாலும் எஸ்டபிள்யூஆர் 1.5க்குக் கீழே. அனுப்பும் பவரில் எவ்வளவு ஆன்டெனாவிலிருந்து திரும்பி வருகிறது என்று காட்டும் அளவுதான் எஸ்டபிள்யூஆர்; ஒன்று என்றால் எதுவும் திரும்பவில்லை.

வந்ததும் அரை மணி நேரத்தில் நிறுத்திவிட்டேன். அதை அளக்கும் அனலைசரில் கோடு தட்டையாக ஓடியது, 80இல் 1.3. அன்று இரவே வேறு கண்டங்களின் நிலையங்கள் தெளிவாகக் கேட்டன. மகிழ்ச்சியில் விற்றவருக்கு ஒரு நீண்ட பாராட்டும் எழுதி அனுப்பினேன். அதை நினைத்தால் இப்போதும் கூச்சமாக இருக்கிறது.

நான் கூப்பிட்டால்தான் பதில் வரவில்லை. ஒருவர் இருவர் அல்ல, வாரக்கணக்கில்.

விற்றவரிடம் கேட்டேன். பகலில் முயன்றிருப்பீர்கள், டி அடுக்கு (மேல் வளிமண்டலத்தில் உள்ள அயனி அடுக்கு) சிக்னலை விழுங்கிவிடும் என்றார். சரி, இரவில் முயன்றேன். சூரியப் புள்ளிகள் அதிகம், பேண்ட் சரியில்லை என்றார். பிறகு அடுத்த முனையில் இன்னும் இருட்டவில்லை, இரு பக்கமும் இருட்டும் நேரம் பாருங்கள் என்றார். இதில் எதுவும் பொய்யில்லை என்பதுதான் வேடிக்கை. பகலில் டி அடுக்கு தாழ்ந்த அலைவரிசைகளைத்தான் அதிகம் உறிஞ்சும், சூரியன் மறைந்ததும் கரையும். சூரியச் சுழற்சியின் தாழ்ந்த ஆண்டுகளில் 160 மீட்டர் நன்றாகவே திறக்கும். லோ பேண்டில் ஆன்டெனா விற்பவருக்கு வானமே சாட்சி சொல்ல வரும். எந்தத் தோல்விக்கும் மேலே கைகாட்டிவிடலாம்.

அனுபவமுள்ள ஒரு ஹாம் நண்பரிடம் புலம்பினேன். "தம்பி, டம்மி லோடு, அதான் பவரை வெறும் சூடாக்கும் மின்தடை, அதைப் போட்டாலும் எஸ்டபிள்யூஆர் ஒன்றுதான் காட்டும். அதில் யாரிடமாவது பேசியிருக்கிறாயா?" என்றார்.

அப்புறம்தான் சோதித்தேன். 20 மீட்டர் கம்பியைத் தலைகீழ் எல் போல மடக்கிக் கட்டி, கீழே எட்டு ரேடியல் விரித்தேன். 5 வாட்டில் டபிள்யூஎஸ்பிஆர் (சிக்னல் எங்கெங்கே எவ்வளவு வலுவாகக் கேட்டது என்று பதிவாகும் டிஜிட்டல் முறை) ஓடவிட்டு, ஒரு முறை இதில், அடுத்த முறை அதில் என்று மாற்றி மாற்றி அனுப்பினேன். ஒரே இரவு, ஒரே வானம், கேட்கும் நிலையங்களும் அவைதான். கம்பி சராசரியாக 14 டெசிபெல் மேலே நின்றது. அதாவது 100 வாட் போட்டு 4 வாட்டின் வேலையை வாங்கிக்கொண்டிருந்தேன்.

கணக்கு ஒன்றும் ரகசியமில்லை. 3.6 மெகாஹெர்ட்ஸில் 7 மீட்டர் கம்பத்தின் கதிர்வீச்சுத் தடை (பவரை அலையாக வெளியே அனுப்பும் பங்கு) சுமார் 3 ஓம்தான். ரேடியல் இல்லாமல் மண்ணில் 30 ஓம் இழப்பு என்று வைத்தாலே பத்தில் ஒன்பது பங்கு சூடாகப் போய்விடும். குட்டை ஆன்டெனா ஒழுங்காக வேலை செய்தால் 80 மீட்டரில் மிகக் குறுகிய துண்டில்தான் எஸ்டபிள்யூஆர் இறங்கும். கொஞ்சம் நகர்ந்தாலே ஏறிவிடும். பேண்ட் முழுக்கத் தட்டையான கோடு என்று பீற்றிக்கொண்ட அந்த வரியே ஒப்புதல் வாக்குமூலம். எனக்குத்தான் அன்று படிக்கத் தெரியவில்லை.

அப்படியானால் அவ்வளவு நன்றாகக் கேட்டது எப்படி? என்னை ஏமாற்றியது அதுதான். லோ பேண்டில் வெளியிலிருந்து வரும் இரைச்சல் ரிசீவரின் சொந்த இரைச்சலைவிட மிக அதிகம். திறனில்லாத ஆன்டெனா சிக்னலையும் இரைச்சலையும் ஒன்றாகவே குறைக்கும், இரண்டுக்கும் உள்ள விகிதம் மாறாது. 1921 டிசம்பரில் ஸ்காட்லாந்தின் ஆர்ட்ராசனில் பால் காட்லி அமெரிக்க ஹாம்களைக் கேட்டது, தரைக்குச் சற்று மேலே ஓடிய, திறன் மிகக் குறைந்த பெவரேஜ் என்ற நீண்ட கம்பி ஆன்டெனாவில். கேட்பதற்கு இன்றும் அதற்கு ஈடு குறைவு. அதில் அனுப்ப யாரும் ஆசைப்படுவதில்லை.

ஒரு நாள் இரவு எஃப்டி8 என்ற டிஜிட்டல் முறையில் அரை மணி நேரம் அனுப்பிவிட்டு அந்தக் குட்டி ஆன்டெனாவின் அடிப்பெட்டியைத் தொட்டேன். கை வைக்க முடியாத சூடு. திருகைக் கழற்றினால் உள்ளே ஒரு டொராய்டு (வளையத்தில் சுற்றிய சுருள்), பக்கத்தில் அலுமினியத் தகட்டில் வரிசையாகப் பவர் ரெசிஸ்டர்கள். மின்தடை போட்ட ஆன்டெனாவே மோசடி என்று சொல்ல மாட்டேன். அலைவரிசையை அடிக்கடி மாற்ற வேண்டிய இடங்களில், இழப்பு தெரிந்தே அப்படி வைப்பதுண்டு. ஆனால் அதைச் சொல்லி விற்க வேண்டும். இவர் "மேட்சிங் நெட்வொர்க்" (பொருத்தும் சுற்று) என்றார். பணத்தைத் திருப்பிக் கேட்டதும், பெட்டியைத் திறந்துவிட்டீர்கள், உத்தரவாதம் போச்சு என்று முடித்துவிட்டார்.

வாங்கும் முன் எஸ்டபிள்யூஆர் பற்றிக் கேட்காதீர்கள், அதைத்தான் அவர்களே பெரிய எழுத்தில் போட்டிருப்பார்களே. முழு அளவு ஆன்டெனாவோடு அதே நேரத்தில் ஒப்பிட்டால் எத்தனை டெசிபெல் குறைவு, எந்தத் தரை அமைப்பில் அளந்தது, ஐந்து நிமிடம் முழுப் பவரில் அனுப்பினால் பெட்டி சுடுமா என்று கேளுங்கள். பதிலில் "பேண்ட் கண்டிஷன்" என்று ஆரம்பித்தால் எழுந்து வந்துவிடுங்கள்.

என் பாராட்டை நீக்கச் சொல்லி மூன்று முறை எழுதிவிட்டேன். இன்னும் அவருடைய விளம்பரத்தில், தட்டையான கோட்டுப் படத்துக்குக் கீழே அப்படியே இருக்கிறது.