ஃபிளீ: கருவி சரி, அளவுகோல்தான் சரியில்லை

நிவாரண வேலையில் இருக்கும் நண்பர் ஒருவர், ஃபிளீயை எடுக்கலாமா என்று கேட்டிருக்கிறார். சண்டைக்குத் தப்பி ஓடுபவர்கள் எந்த முகாமுக்கு எத்தனை பேராகப் போய்ச்சேர்வார்கள் என்று கணினியில் ஓட்டிப்பார்த்துக் கணிக்கும் மென்பொருள் இது. பைத்தானில் எழுதியது, லண்டன் புரூனெல் பல்கலைக்கழகத்தில் உருவானது, இலவசம் என்பதெல்லாம் அவருக்கே தெரியும். நீண்ட நாள் புழங்கியவன் என்ற முறையில் மற்றதைச் சொல்கிறேன்.

இதில் ஒளிவுமறைவு கிடையாது. ஒருவர் ஒரு நாளில் இடம்விட்டு நகரும் வாய்ப்பு, இதை உருவாக்கியவர்களின் 2017 ஆய்வுக் கட்டுரையின்படி, சண்டை நடக்கும் ஊரில் 1.0, சாதாரண ஊரில் 0.3, முகாமில் 0.001. ஏற்கவில்லையா, மாற்றி ஓட்டிக்கொள்ளலாம். விடையில் எவ்வளவு நிச்சயமின்மை என்று அளக்கும் ஈஸிவிவியூகியூ என்ற மென்பொருளோடு சேர்த்து இந்த எண்களை ஒரு வரம்புக்குள் ஆட்டிப் பல தடவை ஓட்டினால், எதைத் தொட்டால் விடை ஆடுகிறது, எது சும்மா கிடக்கிறது என்று தெரிந்துவிடும். அந்தப் படத்தைப் பார்ப்பதில் எனக்கு இன்னும் அலுப்பு வரவில்லை.

எரிச்சல் வேறு இடத்தில். விடை சரியா என்று பார்ப்பது முகாம் பதிவேட்டை வைத்து. நெருக்கடி தொடங்கும்போது அவசரமாகத் தலை எண்ணுவார்கள். இரண்டு தடவை பதிந்தவர்களும் அதில் இருப்பார்கள். பிறகு ஒவ்வொருவராக முறைப்படி பதியும்போது எண்ணிக்கை சடாரென்று விழும். மாலியிலிருந்து 2012இல் மொரிட்டானியாவின் எம்பெரா முகாமுக்குப் போனவர்களின் கணக்கும் சரிபார்த்தபின் பெருமளவு குறைந்தது. யாரும் கிளம்பிப் போய்விடவில்லை, பட்டியல் திருந்தியது, அவ்வளவுதான்.

இதற்கென்றே ஃபிளீயில் ஒரு சிஎஸ்வி (அட்டவணை) கோப்பு உண்டு: முகாமின் பெயர், தேதி. அந்தத் தேதிக்கு முந்தைய எண்களையெல்லாம் ஒரே விகிதத்தில் சுருக்கிவிடும். இதைவிட நல்ல வழி எனக்கும் தோன்றவில்லை. ஆனால் இரட்டைப் பதிவு முதல் வாரத்தில் நடந்ததா, மூன்றாம் மாதத்திலா? தெரியாது, எல்லா நாளுக்கும் ஒரே கழிவு. அப்படித் திருத்திய எண்ணோடு ஒப்பிட்டுத்தான் பிழை இத்தனை சதவீதம் என்கிறோம். போதாததற்கு, தினமும் எத்தனை பேர் புதிதாகக் கிளம்புகிறார்கள் என்பதும் அதே பதிவேட்டிலிருந்துதான் உள்ளே போகிறது. மொத்தத்தை நாமே கொடுத்துவிட்டு, யார் எந்த முகாமுக்கு என்று மட்டும் பிரிக்கச் சொல்கிறோம். முதல் 12 நாளுக்குப் பிறகு யார் எங்கே போனார்கள் என்பதில் 75 சதவீதமாவது சரி என்று அந்த 2017 கட்டுரை சொல்வதை இதோடு சேர்த்துத்தான் படிக்கவேண்டும்.

கருவியைக் குறைசொல்ல மனம் வரவில்லை. கோபமெல்லாம் அதன் விடையை நம்மிடம் வாங்கிப் படிப்பவர்கள் மேல். இன்ன எண்ணிலிருந்து இன்ன எண்வரை என்று நான் எழுதிக்கொடுத்ததை ஓர் அமைப்பு சராசரியாக்கி, ஒற்றை எண்ணாக ஸ்லைடில் போட்டுவிட்டது. கேட்டால், வரம்பு கொடுத்தால் மேலிடம் குழம்புமாம்.

ஆக, நண்பரே, இந்த வகையில் நான் பார்த்த நேர்மையான கருவி இதுதான். எடுக்கவேண்டாம். ஓர் எல்லையை மூடினால் கூட்டம் எந்தப் பக்கம் திரும்பும் என்று ஒப்பிட்டுப் பார்க்க உங்களிடம் ஆள் இருந்தால் மட்டும் யோசியுங்கள். எத்தனை கூடாரம் என்று ஒரே எண் கேட்கிற மேலாளர் இருந்தால், அதுவும் வேண்டாம்.