கோஃபர் ரிவால்வர் என்று விற்கிறார்களா? திருகைக் கழற்றிப் பார்க்காமல் பணம் கொடுக்காதீர்கள்

அமெரிக்க உள்நாட்டுப் போர்க்கால ஆயுதங்களைச் சேகரிப்பவர்கள் கவனத்துக்கு. வர்ஜீனியா மாநிலம் போர்ட்ஸ்மவுத்தைச் சேர்ந்த தாமஸ் கோஃபர் செய்த ரிவால்வர் என்று ஒருவருக்கு விற்கப்பட்ட போலி சரிபார்ப்புக்கு வந்தது. முழுத்தொகையும் கைமாறிய பிறகுதான் வந்தது என்பதுதான் வருத்தம்.

கோஃபர் சிறிய அளவில் தொழில் செய்தவர். தென் மாநிலக் கூட்டமைப்பு அவருக்கு 1861 ஆகஸ்ட் 12 அன்று காப்புரிமை எண் 9 வழங்கியது. இரண்டு துண்டாகப் பிரியும் சிலிண்டரும் (தோட்டாக்கள் உட்காரும் சுழல் உருளை), அதற்கென்றே செய்த தோட்டாவும்தான் அந்த உரிமையின் சாரம். ஆனால் மிஞ்சியிருக்கும் துப்பாக்கிகளில் பல வழக்கமான ஒரே துண்டுச் சிலிண்டர் கொண்டவை. ஆகவே இரண்டு துண்டுச் சிலிண்டர் இருந்தால் அசல், இல்லாவிட்டால் போலி என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். இன்று அடையாளம் காணப்பட்டவை ஒரு டஜன் சொச்சம்தான். அதனால்தான் போலிக்காரர்களுக்கு இதன்மேல் இவ்வளவு கண்.

பித்தளைச் சட்டகம், .36 காலிபர் (குழலின் உள்விட்டம் சுமார் 0.36 அங்குலம்), ஆறு குண்டு, எட்டுப் பட்டைக் குழல், காப்பு வளையம் இல்லாத ட்ரிக்கர் என்பவை வெளித்தோற்றம். உருவம் வட மாநிலங்களில் செய்யப்பட்ட விட்னி நேவி என்ற ரிவால்வரை ஒத்தது. போலியின் வழியும் அங்கேதான் திறக்கிறது. விட்னியின் அசல் குழலையும் சிலிண்டரையும் வாங்கி, பித்தளைச் சட்டகத்தை மட்டும் புதிதாக வார்த்து மாட்டிவிடுகிறார்கள்.

இந்தத் துப்பாக்கியிலும் அதுவே நடந்திருக்கிறது. விட்னி குழலின் மேற்பட்டையில் அந்த ஆலையின் நியூ ஹேவன் முத்திரை இருக்கும். அதை அரத்தால் ராவி எடுத்தால் அந்தப் பட்டை தாழ்ந்துவிடும். வெர்னியர் காலிப்பரால் மேல்-கீழ் பட்டைகளுக்கு இடையே ஒரு அளவும், இட-வலப் பட்டைகளுக்கு இடையே ஒரு அளவும் எடுங்கள். பின்முனை, நடு, வாய் என மூன்று இடத்திலும் பாருங்கள். இதில் நடுவில் மட்டும் மேல்-கீழ் அளவு குறைந்திருந்தது, அதாவது முத்திரை இருந்த இடத்தில்.

சட்டகம் இன்னும் தெளிவாகக் காட்டிக்கொடுத்தது. அசலை அச்சாக வைத்து மணலில் வார்த்தால் பித்தளை ஆறும்போது ஏறக்குறைய ஒன்றரை சதவீதம் சுருங்கும். சிலிண்டர் உட்காரும் சாளரமும் அதோடு குறுகும், பழைய சிலிண்டர் உள்ளே போகாது. ஆகவே உள்சுவரை ராவியே ஆக வேண்டும். சிலிண்டரைக் கழற்றிப் பார்த்தால் அங்கே பளிச்சென்ற புது அரக்கோடுகள். வெளியே மட்டும் களிம்பு ஏற்றி மங்க வைத்திருக்கிறார்கள். சட்டகத்தின் மேல் உள்ள காப்புரிமை எழுத்துகளையும் பூதக்கண்ணாடியில் பாருங்கள். உளியச்சால் குத்திய எழுத்துக்கு அடிப்பக்கம் கூர்மையாக இருக்கும், ஓரத்தில் உலோகம் லேசாகப் பிதுங்கியிருக்கும். இதில் ஓரமெல்லாம் மழுங்கி, பள்ளத்தின் அடியில் பொடிமணல் சொரசொரப்பு. வார்ப்பிலேயே வந்த எழுத்து.

துப்பாக்கியைக் கழற்றிப் பார்க்கத் திருகைத் தொட, விற்றவர் கடைசிவரை விடவில்லை. பழைய திருகு, தலை உடைந்துவிடும் என்பது அவர் சொன்ன காரணம். திருகுத் தலையின் பள்ளத்துக்குப் பொருத்தமான திருப்புளியால், ஊடுருவும் எண்ணெய் விட்டு ஒரு இரவு ஊறவைத்துத் திருப்பினால் பெரும்பாலும் உடையாது. அவருக்கே பயமாக இருந்தால் அவர் கையாலேயே கழற்றச் சொல்லுங்கள். அதற்கும் மறுத்தால் பேச்சை அங்கேயே முடித்துக்கொள்ளுங்கள்.

கூடவே நோட்டரி முத்திரையோடு ஒரு குடும்பச் சான்றும் கொடுத்திருந்தார். 1864இல் போர்ட்ஸ்மவுத்தில் தென்படைக்காகச் செய்தது என்று அதில் எழுதியிருக்கிறது. அந்த ஊர் 1862 மே மாதமே வடபடையின் கைக்குப் போய்விட்டது. நோட்டரி உறுதிப்படுத்துவது கையெழுத்தைத்தான், துப்பாக்கியின் வரலாற்றை அல்ல.

பணத்தில் ஒரு பகுதி திரும்பிவந்தது, துப்பாக்கி விற்றவரிடமே போய்விட்டது. மறுபடி சந்தைக்கு வரலாம். அடையாளங்கள்: இடப்பக்கக் கைப்பிடி மரத்தின் கீழ்முனையில் முக்கோணச் சில்லு உடைந்திருக்கும், சட்டகத்தின் வலப்பக்கம், சிலிண்டர் ஊசிக்குக் கீழே, ஈயம் வைத்து அடைத்த இரண்டு வார்ப்புத் துளைகள் நகத்தால் தடவினாலே தட்டுப்படும்.