ஈய எழுத்தா, பாலிமரா, மினி ஆப்செட்டா, சிவகாசியா? டெல்டாவின் சின்ன அச்சகங்களுக்கு ஓர் ஒப்பீடு

கும்பகோணம், மாயவரம், மன்னார்குடி என எந்த ஊர்க் கடைத்தெருவுக்குப் போனாலும் ஏதோ ஒரு ஷட்டருக்குப் பின்னால் காலால் மிதித்து ஓட்டும் ட்ரெடில் அச்சு மெஷின் ஒன்று நிற்கும். அதை வைத்திருக்கும் குடும்பங்கள் இப்போது கிட்டத்தட்ட ஒரே நிலைமையில் இருக்கின்றன. பெரியவருக்கு வயதாகிவிட்டது. எழுத்துக் கோக்கும் கம்போசிங் வேலை பார்த்த அண்ணன் வேலையை விட்டு நின்றுவிட்டார். மகனோ மருமகளோ சாவியை வாங்கியிருக்கிறார்கள், அவர்கள் இடுப்பில் ஒரு குழந்தையும் இருக்கிறது. மெஷினை ஓட்டுவதா, மாற்றுவதா, விற்றுவிட்டு ஆர்டர் மட்டும் பிடிப்பதா?

எங்கள் வீட்டிலும் அப்படித்தான். மாமியார் தவறியது, மகள் பிறந்தது, மாமா கடையை என்னிடம் ஒப்படைத்தது எல்லாம் அடுத்தடுத்து நடந்தன. லெட்டர்ஹெட், விசிட்டிங் கார்டு, கல்யாணப் பத்திரிகை, பில் புக், ரசீதுப் புத்தகம், இவைதான் எங்கள் வேலை. புத்தகம் அச்சடிப்பவர்களின் கணக்கு வேறு. எங்களைப் போன்றவர்களுக்கு நான்கு வழிகள் இருக்கின்றன: ஈய எழுத்தைக் கோத்து அடிப்பது, எழுத்து மேடாக நிற்கும் பாலிமர் (ஒரு வகை பிளாஸ்டிக்) பிளேட்டில் அடிப்பது, மினி ஆப்செட் மெஷின் வாங்குவது, சிவகாசியில் அடித்து வரவழைப்பது. என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: ட்ரெடிலை வைத்துக்கொள்ளுங்கள், எழுத்தை மட்டும் பாலிமருக்கு மாற்றுங்கள். வீட்டில் யாருக்கு, எந்த நேரத்தில், எவ்வளவு நேரம் சேர்ந்தாற்போல் கை ஒழியும் என்பதைப் பார்த்துத்தான் இதைச் சொல்கிறேன்.

ஈய எழுத்தைப் பற்றிப் பேசும்போது எனக்கு மரியாதை குறையாது. ஈயமும் வெள்ளீயமும் ஆன்டிமணியும் கலந்து வார்த்த எழுத்து அது. எல்லா எழுத்தும் ஒரே உயரம், 0.918 அங்குலம். அதில் மயிரிழை தேய்ந்தாலும் அந்த எழுத்து மட்டும் வெளிறி விழும். எழுத்துகளைப் பிரித்து வைக்கும் அறைகள் கொண்ட பெட்டிதான் கேஸ். ஆங்கிலத்துக்கு இருப்பதைப் போல் தமிழுக்குச் சின்ன கேஸ் போதாது. கு, கூ வரிசை தனி, மெய் தனி, கொம்பும் காலும் தனி என்று நூற்றுக்கும் மேற்பட்ட அறைகள். பழகிய கை அறையைப் பார்க்காமலே எழுத்தை எடுத்து, ஸ்டிக் என்ற கைச் சட்டத்தில் தலைகீழாக அடுக்கும். புதியவர்களுக்கு ஒரு பத்திரிகை முடிக்க முழுநாள் போய்விடும். அச்சு முடிந்த பிறகு அத்தனை எழுத்தையும் பிரித்து அந்தந்த அறையில் போட வேண்டும். இந்தப் பிரிக்கிற வேலைக்கு யாரும் கூலி கணக்குப் போடுவதே இல்லை. கைக்குழந்தை வைத்திருப்பவர்கள் இங்கேதான் திணறுவார்கள். வரி பாதியில் நிற்கும்போது குழந்தை அழும். போய்த் தூக்கி, பால் கொடுத்து, தூங்க வைத்துவிட்டு வந்தால் எந்தச் சொல்லில் விட்டோம் என்பதைத் தடவித் தேட வேண்டியிருக்கும்.

நம் பக்கத்துக்கு ஈய எழுத்து புதிதில்லை. தரங்கம்பாடியில் சீகன்பால்கு காலத்தில், 1713-இலேயே, தமிழ் எழுத்து அச்சேறிவிட்டது. ஜெர்மனியின் ஹாலேயிலிருந்து வந்த எழுத்து பெரிதாக இருந்ததால் காகிதம் நிறையச் செலவானது. சின்ன எழுத்தை இங்கேயே வார்த்து, புதிய ஏற்பாட்டை 1715-இல் முடித்தார்கள். அவர்களுக்கு வார்க்க ஆள் இருந்தது. இன்று எங்கள் ஊரில் ஒரு ‘ழ’ உடைந்தால் இன்னொரு ‘ழ’ வார்த்துத் தர ஆள் இல்லை. மூடிப்போகும் இன்னொரு அச்சகத்தின் கேஸிலிருந்துதான் எடுக்க வேண்டும். ஈயத்தை மட்டும் நம்பித் தொழிலை நீட்டுவது கடினம் என்று நான் நினைப்பதற்கு இது முக்கியமான காரணம்.

அடுத்தது பாலிமர் பிளேட். கம்ப்யூட்டரில் வடிவமைத்து நெகட்டிவ் எடுத்து, புறஊதா ஒளி காட்டித் தண்ணீரில் கழுவினால் எழுத்து மட்டும் மேடாக நிற்கும். ஸ்டிக்கர், லேபிள் தொழிலுக்குப் பிளேட் எடுப்பவர்கள் இதைச் செய்து தருகிறார்கள். எங்களுக்குச் சென்னையிலிருந்து கூரியரில் வருகிறது. பிளேட்டை ஒரு உலோகக் கட்டையில் ஒட்டி, மொத்த உயரத்தை அதே 0.918-க்குக் கொண்டுவந்தால் போதும். மெஷின், இங்க், ரோலர் எதையும் மாற்ற வேண்டாம்.

திருவிடைமருதூரிலிருந்து ஒரு தம்பி தன் அக்கா கல்யாணத்துக்குப் பத்திரிகை அடிக்க வந்தான். காகிதம் பருத்தியில் செய்தது, 350 ஜிஎஸ்எம், நல்ல தடிப்பு. முதல் புரூஃபில் மேலே ‘ஸ்ரீ’ பாதிதான் விழுந்தது. அச்சுத் தாளுக்கு அடியில் மெத்தைபோல் இருக்கும் டிம்பன் ஷீட்டைத் தூக்கி, அந்த இடத்துக்கு நேராக டிஷ்யூ பேப்பரை நகக்கண் அளவு கிழித்து ஒட்டினேன். மறுபடி ஒரு அடி. இப்போது ‘ஸ்ரீ’ வந்தது, பக்கத்துப் பூவேலை கொஞ்சம் ஆழமாக இறங்கிவிட்டது. அங்கே ஒரு பேக்கிங் தாளை வெட்டி எடுத்தேன். மாமா தாளைத் திருப்பி, பின்பக்கத்தை விரலால் தடவிப் பார்த்தார்.

“பின்னாடி புடைச்சா அது அச்சு இல்லம்மா, குத்து.”

அவர் கற்ற தொழிலில் அது சரி. எழுத்து காகிதத்தைத் தொட வேண்டும், அழுத்தக் கூடாது. அழுத்தினால் ஈயம் தேயும். ஆனால் அந்தத் தம்பி வந்ததே அந்தப் பள்ளத்துக்காகத்தான். தாளைக் கையில் வாங்கியதும் அவனும் எழுத்தைத் தடவித்தான் பார்த்தான். “அக்கா, இதுதான் வேணும், இப்படியே அடிங்க” என்றான். பாலிமர் இந்த அழுத்தத்தைத் தாங்கும். அப்படியே தேய்ந்தாலும் போவது ஒரு பிளேட்தான். ஆழமான பதிவு கேட்பவர்களுக்கு நான் ஈய எழுத்தை இறக்குவதே இல்லை.

பாலிமரில் சங்கடமும் உண்டு. ஈயத்தில் ஒரு எழுத்துப் பிழை என்றால் இடுக்கியால் எடுத்து மாற்ற இரண்டு நிமிடம். பிளேட்டில் பிழை என்றால் புதுப் பிளேட், புதுக் கூரியர், நாள் கணக்கில் தாமதம். கல்யாணப் பத்திரிகையில் அதிகம் பிசகுவது தேதிதான். தை முதல் தேதி சில வருஷம் ஜனவரி 14, சில வருஷம் 15. அதில் ஒரு நாள் தவறினால் தமிழ்த் தேதி, ஆங்கிலத் தேதி, கிழமை மூன்றும் ஒன்றோடொன்று ஒட்டாது. அதனால் எங்கள் கடையில் நான் வாசிக்க வாசிக்க மாமா காதால் திருத்துவார். கை நடுக்கம் வந்து ஸ்டிக்கைப் பிடிக்க முடியாமல் போனவர் இந்த வேலையில் இன்றும் அசைக்க முடியாதவர். இன்ன குலதெய்வத்துக்கு இன்ன முகப்பு வரி, தாய்மாமன் பெயர் எந்த வரிசையில் வர வேண்டும் என்பதெல்லாம் அவருக்கு மனப்பாடம். பிரிண்ட்-அவுட்டில் வாடிக்கையாளர் கையெழுத்துப் போட்ட பிறகுதான் பிளேட்டுக்கு அனுப்புகிறேன். பெரியவர்கள் இருக்கும் வீடுகளில் மெய்ப்பு பார்ப்பதை அவர்களிடமே விடுங்கள். வேலையும் சுத்தமாகும், அவர்களுக்கும் கடை தன்னுடையதாகவே இருக்கும்.

இன்னொன்று, ஐப்பசி, கார்த்திகை மழை. தண்ணீரில் கழுவும் பிளேட் ஈரத்தை இழுக்கும். உறையில் போட்டு, வெளிச்சம் படாமல் வைத்தால்தான் அடுத்த வருஷமும் அதே லெட்டர்ஹெட்டை அடிக்கலாம். காகிதமும் அந்த மாதங்களில் அலை அலையாகிவிடும். பெரிய தாள் ஆர்டர்களை முடிந்தவரை மழைக்கு முன்னால் முடித்துவிடுவது நல்லது.

தட்டையான பிளேட்டில் தண்ணீரும் இங்க்கும் சேர்த்து அடிக்கும் மினி ஆப்செட்டைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. மணிக்கு ஆயிரக்கணக்கில் ஓடும், ட்ரெடிலில் நல்ல கையே மணிக்கு ஆயிரத்தைத் தொடுவது பெரிய விஷயம். ஆனால் தண்ணீரும் இங்க்கும் சரியாக நிற்க ஆள் பக்கத்திலேயே இருக்க வேண்டும், மாதத் தவணை கட்ட வேண்டும், தடித்த பருத்திக் காகிதத்துக்கு ஆகாது. நோட்டீஸும் பில் புக்கும் குவியும் ஊராக இருந்தால் யோசிக்கலாம். எங்கள் தெருவில் குறைந்த எண்ணிக்கை வேலையெல்லாம் டிஜிட்டல் கடைக்குப் போய்விட்டது. தினமும் ஓட வேலை கிடைக்காத மினி ஆப்செட் கட்டிப்போட்ட யானை, தீனி மட்டும் நிற்காது.

சிவகாசி வழி அப்படியில்லை, அதில் உண்மையான சுகம் உண்டு. மாதிரி கார்டுகள் உள்ள ஆல்பத்தைக் காட்டி மாடலை முடிவு செய்து, விவரத்தை அனுப்பினால் கட்டாக வந்து சேரும். அல்லது வெறும் கார்டை வரவழைத்து இங்கே பெயர் அடித்துக் கொடுக்கலாம். பிரசவம், ஆஸ்பத்திரி, துக்கம் என்று வீடு நிலைகுலைந்திருக்கும் மாதங்களில் கடையைத் திறந்து வைத்திருக்க இதுதான் வழி. நாங்களும் அந்த மாதங்களை இப்படித்தான் தாண்டினோம். ஆனால் அதே ஆல்பம் பக்கத்துக் கடையிலும் இருக்கும். வாடிக்கையாளர் மாடல் எண்ணைச் சொல்லி விலையை மட்டும் பேசுவார். ஆடிப் பெருக்கன்று காலண்டர் ஆல்பம் வெளியானதும் அங்கே நெருக்கடி தொடங்கிவிடும். ஆவணி முகூர்த்தத்துக்குப் பத்திரிகை வேண்டும் என்று இங்கிருந்து அவசரப்படுத்தி ஆவதில்லை.

எல்லாரும் மறந்துபோகும் ஒன்று, ட்ரெடிலின் சில்லறை வேலை. நம்பரிங், பர்ஃபரேஷன், கிரீஸிங். டிஜிட்டல் கடையில் அடித்த பில் புக்குக்கு நம்பர் போடவும், கிழிக்கும் கோடு போடவும், தடித்த அட்டையில் மடிப்புக் கோடு போடவும் எங்களிடம்தான் கொண்டுவருகிறார்கள். 2017 ஜூலை 1-இல் ஜிஎஸ்டி வந்தபோது பழைய பில் புக் செல்லாமல் போய், கடைத்தெரு முழுக்கப் புதிது கேட்டது. அதன் பிறகு நிறையப் பேர் கம்ப்யூட்டர் பில்லுக்குப் போனார்கள் என்பது உண்மைதான். ஆனாலும் உரக்கடை, அரவை மில், கல்யாண மண்டபம், கோயில் நன்கொடை ரசீது இவற்றுக்கெல்லாம் இன்றும் வரிசை எண் போட்ட புத்தகம்தான். சம்பா அறுவடைப் பணம் கைக்கு வரும் தை, மாசியில் பத்திரிகை வேலை. முகூர்த்தம் இல்லாத ஆடி, மார்கழியில் நம்பரிங் வேலை. இரண்டும் சேர்ந்தால்தான் வருஷம் ஓடும், மினி ஆப்செட் வாங்குவதற்காக ட்ரெடிலைத் தள்ளினால் இரண்டாவது பாதி போய்விடும்.

மோட்டார் போடுங்கள், ஆனால் கால் பெடலைக் கழற்றாதீர்கள். 2018 நவம்பர் 16-இல் கஜா புயல் அடித்தபோது நாகை, திருவாரூர், பட்டுக்கோட்டைப் பக்கம் பல ஊர்களில் வாரக்கணக்கில் மின்சாரம் இல்லை. காலால் மிதிக்கும் மெஷினுக்கு மின்கம்பம் தேவையில்லை.

கடையா, வீடா என்ற கேள்வியில் நான் விட்டுக்கொடுக்க மாட்டேன். வாடகையை மிச்சம் பிடிக்க எல்லாவற்றையும் வீட்டு முன்னறைக்குக் கொண்டுவரலாம் என்று உறவினர்கள் சொன்னார்கள். ஈயக் கேஸை மட்டும் கொண்டுவரவே கூடாது. பழைய எழுத்தின் மேல் சாம்பல் நிறத்தில் படியும் தூள் விரலில் ஒட்டும், விரல் குழந்தையின் வாய்க்குப் போகும். உள்ளே போகும் ஈயத்தில் பெரியவர்கள் உடம்பில் சேர்வதைப் போல நான்கைந்து மடங்கு சின்னக் குழந்தை உடம்பில் சேரும், அது மூளையைப் பாதிக்கும், இந்த அளவு வரை பரவாயில்லை என்று ஒரு அளவே இல்லை என்கிறது உலக சுகாதார நிறுவனம். ரோலர் துடைக்கும் மண்ணெண்ணெய் பாட்டில், வாயைத் திறந்து மூடும் பிளாட்டன் (தாளை எழுத்தில் அழுத்தும் பலகை), இவையும் குழந்தை இருக்கும் இடத்துக்கு ஆகாதவை. நான் மெஷினையும் ஈயத்தையும் கடையில் விட்டுவிட்டேன். கர்ப்பமாக இருந்தபோது ஈயக் கேஸைத் தொடவே இல்லை. டிசைன், மெய்ப்பு, கவரில் போடுவது, மூலைக்கு மஞ்சள் தடவுவது இவ்வளவும் வீட்டில். குழந்தை மதியம் தூங்கும் நேரம் டிசைனுக்குப் போதும். மெஷின் வேலை காலையில், அவள் தாத்தாவோடு இருக்கும்போது. பாலிமரால்தான் வேலையை இப்படி இரண்டாக வெட்ட முடிந்தது. ஈயத்தில் எழுத்தும் மெஷினும் ஒரே கூரையின் கீழ் இருந்தாக வேண்டும்.

ஆகவே, வீட்டில் பழகிய கம்போசிட்டர் இன்னும் இருந்தால், அவர் கை ஓயும்வரை ஈயத்தை ஓட்டுங்கள், அதோடு ஒரு பாலிமர் கட்டையும் வாங்கி வையுங்கள். ஆளும் இல்லை, நேரமும் துண்டு துண்டாகத்தான் கிடைக்கிறது என்றால் பாலிமர் மட்டும். வீடு நிலைகுலைந்திருக்கும் வருஷம் என்றால் சிவகாசி ஆல்பம், ஆனால் ட்ரெடிலுக்கு எண்ணெய் விடுவதை நிறுத்தாதீர்கள்.

ஈயத்தை விற்பதாக இருந்தால் கிலோ கணக்கில் எடைக்குப் போடுவதற்கு முன் கேஸைத் திறந்து பாருங்கள். 1978 எழுத்துச் சீர்திருத்தத்துக்கு முந்தைய ணை, லை, றா வடிவங்கள், பெரிய தலைப்பு எழுத்துகள், பூவேலை பார்டர் இவற்றைத் தனியே எடுத்து வையுங்கள். பழைய வடிவம் கேட்டு வருபவர்களுக்கு அந்த ஒரு வரியை ஈயத்தில் மெல்லத் தொட்டும், மீதியைப் பாலிமரில் அழுத்தியும் இரண்டு ஓட்டமாக அடித்துக் கொடுக்கிறேன். அதற்குத் தனி விலை சொல்கிறேன், யாரும் பேரம் பேசியதில்லை.