பல வருடம் ஷெல் லூப்போடு: எதற்கு வைத்துக்கொண்டேன், எதற்கு விட்டுவிட்டேன்

சப்டைட்டில்கள், அகராதிப் பட்டியல்கள், ஓசிஆரிலிருந்து (படத்தில் உள்ள எழுத்தை டெக்ஸ்டாக்கும் மென்பொருள்) வந்த பக்கங்கள் என்று வெறும் டெக்ஸ்ட் கோப்புகளோடுதான் என் வேலை. பல வரிகளை ஒரே ஓட்டத்தில் திருத்த, கட்டளைகளை வாங்கி ஓட்டும் பாஷ் (bash) என்ற ஷெல்லின் லூப்பை, அதாவது ஒரே வேலையைத் திரும்பத் திரும்பச் செய்யும் சுற்றை, நெடுநாளாகப் பயன்படுத்துகிறேன். நல்ல கருவிதான். ஆனால் பழக்கத்தில் அதை எடுக்கும் இடங்களில் பாதிக்கு அது தேவையே இல்லை.

முதலில் ஃபார் (for) லூப். கோப்பை கேட் (cat) கட்டளையால் விரித்து அதனிடம் கொடுத்தால் வரி வரியாக எடுக்காது. இடைவெளி கண்ட இடமெல்லாம் வெட்டும். தனியாக ஒரு நட்சத்திரக் குறி இருந்தால் அங்கே ஃபோல்டரில் உள்ள கோப்புப் பெயர்கள் வந்து உட்காரும். ஆகவே வரிகளுக்கு வைல் (while), ரீட் (read) ஜோடிதான்: ரீட் ஒரு வரியைப் படிக்கும், வைல் வரிகள் தீரும்வரை சுற்றும். அதற்கும் கண்டிஷன் உண்டு. ரீடுக்கு மைனஸ் ஆர் (-r) கொடுக்காவிட்டால் பின்சாய்வுக்கோடுகளை விழுங்கும். எங்கே வெட்டுவது என்று ஷெல்லுக்குச் சொல்லும் ஐஎஃப்எஸ் (IFS) மாறியைக் காலியாக வைக்காவிட்டால் வரியின் இரு முனை இடைவெளிகளும் போய்விடும். வரித் தொடக்க இடைவெளிக்கே பொருள் உள்ள யாமல் (YAML) கோப்பில் அது நடந்தால் அப்புறம் அந்தக் கோப்பு எதற்கும் ஆகாது. கடைசி வரிக்குப் பின் நியூலைன் (வரிமுடிவுக் குறி) இல்லை என்றால் ரீட் அந்த வரியைப் படித்துவிட்டு ‘தோல்வி’ என்று திரும்பும், லூப் அதைத் தொடாமலே முடிந்துவிடும். அதனால் நிபந்தனையில் ‘அல்லது மாறியில் ஏதாவது இருந்தால்’ என்பதையும் சேர்க்க வேண்டும். திருத்தியதை எழுத எக்கோ (echo) கட்டளை வேண்டாம், பிரிண்ட்எஃப் (printf) போதும்.

எழுதுவதும் வேறு கோப்பில்தான். படிக்கிற கோப்பையே > குறிக்குப் பின்னால் வைத்தால், லூப் தொடங்கும் முன்பே ஷெல் அதைக் காலி செய்துவிடும். தற்காலிகக் கோப்பில் எழுதி, டிஃப் (diff) கட்டளையால் வித்தியாசம் பார்த்து, அப்புறம் பெயர் மாற்றுவதே என் வழக்கம்.

வேகம்தான் பெரிய குறை. தேடி மாற்றும் கருவியான செட்டை (sed) வரிக்கு ஒருமுறை உள்ளே கூப்பிட்டால், லட்சம் வரிக்கு லட்சம் புராசஸ் பிறந்து சாகும். செட் தானாகவே வரி வரியாக ஓடும் ஒரு லூப்தானே! எல்லா வரியிலும் ஒரே மாதிரி மாற்றம் என்றால் செட். நெடுவரிசை பார்த்து மாற்ற 1977இல் பெல் லேப்ஸில் பிறந்த ஆக் (awk) கருவி. சொல் மாற்றங்கள் நூறு இருந்தாலும் அவற்றை ஒரு செட் ஸ்கிரிப்டாக எழுதிக் கோப்பை ஒரே தடவை ஓட்டலாம். மாற்றத்துக்கு ஒருமுறை லூப் சுற்றினால் கோப்பு முழுவதும் நூறு முறை திரும்ப எழுதப்படும்.

லூப்பை விடாமல் வைத்திருப்பது வேறொரு வேலைக்காக: வரிக்கு வெளியே போய் எதையாவது பார்த்து வர வேண்டியிருக்கும்போது. அகராதியின் ஒவ்வொரு வரியிலும் ஓர் ஒலிக்கோப்பின் பெயர் இருக்கிறது. அந்தக் கோப்பு உண்மையில் இருக்கிறதா, இருந்தால் எம்பி3 ஆக மாற்றிப் புதுப் பெயரை வரியில் எழுத வேண்டும். இதற்கு லூப் கச்சிதம். ஒன்று மட்டும்: ஒலியை மாற்றும் எஃப்எஃப்எம்பெக்கும் (ffmpeg), வேறு கணினியோடு இணைக்கும் எஸ்எஸ்ஹெச்சும் (ssh) லூப்புக்குப் போக வேண்டிய மீதி வரிகளைத் தாங்களே குடித்துவிடும். அவற்றின் உள்ளீட்டை எப்போதும் காலியான டெவ் நல்லுக்கு (/dev/null) திருப்பிவிட வேண்டும்.

தமிழ் கோப்பு என்றால் தனித் தலைவலி. ‘கொ’வை இரண்டு விதமாகச் சேமிக்கலாம்: ககரத்தோடு ஒரே ஒகரக் குறி, அல்லது ககரத்தோடு ஒற்றைக்கொம்பும் காலும் தனித்தனியாக. யூடிஎஃப்-8 குறியாக்கத்தில் முதலாவது 6 பைட், இரண்டாவது 9. திரையில் இரண்டும் ஒன்றே. செட்டுக்கோ வேறு வேறு. தேடல் பாதி வரிகளில் பிடித்து மீதியில் நழுவினால் நான் முதலில் சந்தேகப்படுவது இதைத்தான். இப்போதெல்லாம் எந்தத் திருத்தத்துக்கும் முன் யூகான்வ் (uconv) கட்டளை கொண்டு கோப்பை, இப்படிப்பட்டவற்றை ஒரே குறியாகச் சேர்க்கும் என்எஃப்சி (NFC) வடிவத்துக்கு மாற்றிவிடுகிறேன். குறித்த நேரத்தில் தானாக ஓட்டும் கிரானில் (cron) ஓடவிட்டால் லொக்கேலையும் (மொழி, எழுத்துக் குறியாக்க அமைப்பு) சொல்லி வைக்க வேண்டும். சி (C) லொக்கேலில், ‘ஏதாவது ஓர் எழுத்து’ என்று பொருள்படும் செட்டின் புள்ளி ஒரு பைட்டைத்தான் பிடிக்கும், எழுத்து நடுவே உடையும்.

மேக்கில் இதே ஸ்கிரிப்டை ஓட்டுபவர்கள் கவனிக்க: அங்கே கோப்பையே நேராகத் திருத்தும் செட்டின் மைனஸ் ஐக்குப் (-i) பின் காப்புக் கோப்பின் பின்னொட்டோ, காலி மேற்கோளோ கட்டாயம். கூடவே வரும் பாஷ் 3.2 பழசு, அதில் வரிகளை ஒரே வீச்சில் பட்டியலாக்கும் மேப்ஃபைல் (mapfile) கிடையாது. இன்னொன்று, எத்தனை வரி திருத்தினோம் என்று லூப்புக்குள் எண்ணினால், பைப் (|) வழியாக ஊட்டிய லூப் முடிந்ததும் பாஷ் காட்டுவது பூஜ்யம்தான். அது சப்ஷெல்லில், அதாவது பைப்புக்காகத் தனியாகக் கிளம்பி முடிந்துபோகும் ஷெல்லில், எண்ணிய கணக்கு. கோப்பை < குறியால் ஊட்டினால் எண் நிற்கும்.