துபாயில் வேலை, ஊரில் பாலிசி: தொடர்வதா, விடுவதா?

2017இல் துபாய்க்குக் கிளம்பியபோது, 2014இல் எடுத்திருந்த குடும்ப மருத்துவப் பாலிசியைத் தொடர்வதா என்ற கேள்வி எழுந்தது. என்னோடு வந்த நண்பர் தன்னுடையதை விட்டுவிட்டார். ஊழியருக்கு நிறுவனமே காப்பீடு எடுத்துத் தர வேண்டும் என்பது துபாயின் 2013ஆம் ஆண்டுச் சட்டம். "அங்கே கார்டு கிடைக்கும்போது இங்கே எதற்கு வெட்டியாகப் பணம் கட்ட வேண்டும்?" என்றார். நம் ஊர்ப் பாலிசிகளில் பெரும்பாலானவை இந்தியாவுக்குள் செய்யும் சிகிச்சைக்கு மட்டுமே பணம் தருபவை என்பதால், அவர் கேட்டதில் நியாயம் இருந்தது. இருந்தும் நான் ஆண்டுக்கு 18,000 ரூபாய் கட்டிக்கொண்டே இருந்தேன்.

நிறுவனக் கார்டில் எனக்குக் குறையே இல்லை. காய்ச்சல், பல்வலி, ரத்தப் பரிசோதனை எல்லாம் அதில்தான் ஓடின. ஆனால் அது வேலையோடு ஒட்டியது. விசா ரத்தானால் அதுவும் போய்விடும்.

என் முடிவைத் தீர்மானித்தது காத்திருப்புக் காலம். புதுப் பாலிசி எடுத்தால் முதல் 30 நாட்களுக்கு, விபத்தைத் தவிர எதற்கும் கிளைம் கிடையாது. ஏற்கெனவே உள்ள நோய்களுக்கோ மூன்று ஆண்டுகள் வரை காத்திருக்க வேண்டியிருக்கும். 2024இல் நான்கு ஆண்டுகளிலிருந்து குறைக்கப்பட்ட பிறகும் இதுதான் நிலை. வெளிநாட்டில் கழிவது பெரும்பாலும் நம் முப்பதுகளும் நாற்பதுகளும். சர்க்கரையும் ரத்த அழுத்தமும் வந்து உட்காரும் வயது அது. எனக்குச் சர்க்கரை தெரியவந்தது 2020இல், துபாயில். பாலிசி 2014 முதல் அறுபடாமல் இருந்ததால், அது பாலிசிக்குப் பின் வந்த நோய். அதே சர்க்கரையோடு ஊர் திரும்பிப் புதிதாக எடுத்திருந்தால், அது முன்பே இருந்த நோயாகியிருக்கும்.

2024இல் ஊர் திரும்பினேன். மறு ஆண்டே காலில் புண் வந்து மருத்துவமனையில் சேர நேர்ந்தது. காப்பீட்டு மேசையில் இருந்த பெண் கேட்ட முதல் கேள்வி, "சார், சர்க்கரை எந்த வருஷத்திலிருந்து?" 2020 என்றேன். பாலிசியின் தொடக்கத் தேதியைப் பார்த்தார். படிவத்தில் இரண்டையும் எழுதிக்கொண்டார். மாலையில் கேஷ்லெஸ் அனுமதி, அதாவது காப்பீட்டு நிறுவனமே மருத்துவமனைக்கு நேரடியாகப் பணம் கட்டுவதற்கான ஒப்புதல், வந்துவிட்டது. அதே ஆண்டு திரும்பிய நண்பர் புதிதாகப் பாலிசி எடுத்தபோது, ரத்த அழுத்தத்தைக் காரணம் காட்டிப் பிரீமியத்தைக் கூட்டினார்கள். மூன்று ஆண்டுக் காத்திருப்பும் சேர்ந்துகொண்டது. அதை நினைத்தால் இன்றும் மனம் கனக்கிறது.

இன்னொரு பலமும் உண்டு. ஐந்து ஆண்டுகள் இடைவிடாமல் தொடர்ந்த பாலிசியில், மோசடியை நிரூபித்தால் ஒழிய, எதையோ மறைத்துவிட்டீர்கள் என்று சொல்லிக் கிளைமை மறுக்க முடியாது.

பல நாடுகளில் செல்லுபடியாகும் சர்வதேசப் பாலிசி என்ற மூன்றாவது வழியை விலை விசாரித்ததோடு விட்டுவிட்டேன். என் வருமானத்துக்கு அது எட்டவில்லை. அடிக்கடி நாடு மாறுபவர்களுக்கு ஒருவேளை ஒத்துவரலாம். அயல்நாட்டிலேயே நிரந்தரமாகக் குடியேறுபவரை ஊர்ப் பாலிசியைக் கட்டிக்கொண்டிருக்கும்படி நான் சொல்லமாட்டேன். திரும்பும் எண்ணம் இருப்பவருக்குச் செலவும் இப்போது குறைந்திருக்கிறது: தனிநபர் பாலிசிகளுக்கு இருந்த 18 சதவீத ஜிஎஸ்டி 2025 செப்டம்பர் 22 முதல் இல்லை.

தொடர்வதில் உள்ள ஒரே பெரிய ஆபத்து, தேதியைத் தவறவிடுவது. ஆண்டுப் பிரீமியத்துக்குச் சலுகைக் காலம் 30 நாட்கள். அதற்குள் கட்டினால் தொடர்ச்சி காப்பாற்றப்படும். ஆனால் இடைப்பட்ட நாட்களில் வரும் சிகிச்சைக்குப் பணம் கிடைக்காது. 2019இல் ரீசார்ஜ் செய்யாமல் என் இந்திய சிம் செயலிழந்து, நினைவூட்டல் எதுவுமே வந்து சேரவில்லை. தற்செயலாக மின்னஞ்சலைத் திறந்தபோது 26ஆம் நாள். வங்கி ஓடிபியும் அதே எண்ணுக்குத்தான் போகும் என்பதால், தம்பியைக் கூப்பிட்டு அவன் கணக்கிலிருந்து கட்டச் சொன்னேன். அன்றே பாலிசியில் அவன் எண்ணையும் என் துபாய் மின்னஞ்சலையும் சேர்த்தேன்.